காற்றிலும் ஒரு முறை வேண்டும்

சென்னையில் நான் குடியிருக்கும் அடுக்குமாடிக் கட்டடத்தில் 48 வீடுகள் இருக்கின்றன. சென்ற ஆண்டு முழுவதும், இரவு எட்டு மணியானால் எங்கள் வீட்டில் ஒரு சோதனைக் காலம் தொடங்கிவிடும். பேத்தியின் கல்லூரிப் பாடம் பாதி வாக்கியத்தில் நின்றுபோகும்; வெளிநாட்டில் இருக்கும் மகனுடைய முகம் கைபேசித் திரையில் கட்டம் கட்டமாகச் சிதறும்; "நெட் சுத்துது" என்ற குரல் ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குப் போய்க்கொண்டிருக்கும். எங்களால் ஆன பரிகாரங்களையெல்லாம் செய்து பார்த்தோம். மாதச் சந்தாவை உயர்த்தினோம். பழைய ரௌட்டரை நீக்கிவிட்டு அதிக ஆண்டெனாக்கள் உள்ள புதியதை வாங்கினோம். எதற்கும் பலன் இல்லாமற்போகவே, இணைப்புக் கொடுத்த நிறுவனத்தின்மேல் கோபம் கொண்டு புகார் எழுதினோம். புகாரின் பேரில் வந்த இளைஞர் கேபிளை நேரே தம்முடைய மடிக்கணினியில் சொருகிப் பார்த்தார். சொன்ன வேகம் குறையாமல் வந்தது. பிறகு தம் கைபேசியில் ஒரு செயலியைத் திறந்து என் முன்னால் நீட்டினார். குன்றின்மேல் குன்று கவிந்தாற்போல முப்பதுக்கு மேற்பட்ட வளைவுகள் அந்தச் சிறு திரையில் நெருக்கியடித்துக்கொண்டிருந்தன. "ஒவ்வொண்ணும் ஒரு வீட்டு வைஃபை ஐயா. லைன்ல ஒரு குறையும் இல்லை. காத்துலதான் இடம் இல்லை" என்றார்.

காற்றில் இடம் இல்லை என்ற அந்த வார்த்தை அன்று முதல் என் மனத்தை விட்டு அகலவில்லை. தண்ணீருக்கும் நிலத்துக்கும் பற்றாக்குறை வருவதை நாம் அறிவோம். பேருந்தில் நிற்பதற்கு இடமில்லாமற்போவதை நித்தியம் அனுபவிக்கிறோம். கண்ணுக்குத் தெரியாத ஆகாயத்திலும் அப்படியொரு நெருக்கடி உண்டாகும் என்பதையும், அதை உண்டாக்குபவர்கள் நாமே என்பதையும், பணத்தாலோ பலத்தாலோ அதைத் தீர்க்க முடியாது என்பதையும் நம்மில் பலர் இன்னும் உணரவில்லை. பக்கத்து வீட்டாரோடு உட்கார்ந்து பேசி ஒரு முறை வகுத்துக்கொள்வது ஒன்றே இதற்கு மருந்து என்பது என்னுடைய உறுதியான அபிப்பிராயம். அதற்கான காரணங்களைச் சொல்லவே இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

வைஃபை முதலில் குடியேறிய அலைவரிசைப் பகுதி 2400 மெகாஹெர்ட்ஸில் தொடங்கி 2483.5 மெகாஹெர்ட்ஸில் முடிகிறது. இதன் சரித்திரம் விசித்திரமானது. 1947-இல் அட்லாண்டிக் சிட்டி நகரில் கூடிய சர்வதேசத் தொலைத்தொடர்பு மகாநாடு, தொழிற்சாலை, விஞ்ஞானம், வைத்தியம் ஆகியவற்றுக்கான சாதனங்கள் தம் இரைச்சலைக் கொட்டுவதற்கென்று சில பகுதிகளை ஒதுக்கியது. அவற்றுள் ஒன்று இது. இன்று நம் சமையலறையில் இருக்கும் மைக்ரோவேவ் அடுப்பு இந்தப் பகுதியில்தான் வேலை செய்கிறது. இரைச்சல் நிறைந்த இந்தப் புறம்போக்கில், உரிமம் கேட்காமல் யார் வேண்டுமானாலும் குறைந்த வலிமையில் செய்தி அனுப்பலாம் என்று அமெரிக்க அரசின் தகவல்தொடர்பு ஆணையம் 1985-இல் வழி திறந்துவிட்டது. அந்த வழியில் நடந்துதான் 1997-இல் வைஃபையின் முதல் தரநிலை பிறந்தது. இந்தியாவில் 2005-ஆம் ஆண்டு இந்தப் பகுதிக்கு உரிமம் தேவையில்லை என்று அரசு விதி செய்தது. விலை கொடுக்காமலும் விண்ணப்பம் போடாமலும் ஒரு சாமானியன் தன் வீட்டில் ஒரு சிறு வானொலி நிலையத்தை நிறுவிக்கொள்ள முடிந்தது என்பது இந்த யுகத்தின் மகத்தான சுதந்திரங்களுள் ஒன்று. ஆனால் காவலாளி இல்லாத பொது நிலத்தில் நடப்பவர்கள் தாமே வரம்பு அறிந்து நடக்க வேண்டும் அல்லவா?

அந்த வரம்பு எது என்று பார்ப்போம். இந்தப் பகுதியை நம் நாட்டில் 13 சேனல்களாகப் பிரித்திருக்கிறார்கள். பதின்மூன்று என்ற எண்ணைக் கேட்டதும் தாராளமாக இடம் இருப்பதாகத் தோன்றும். உண்மை வேறு. ஒரு சேனலின் நடுப்புள்ளிக்கும் அடுத்ததன் நடுப்புள்ளிக்கும் இடையே இருப்பது 5 மெகாஹெர்ட்ஸ்தான். ஆனால் பேசத் தொடங்கும் ரௌட்டர் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தை அடைத்துக்கொண்டு பேசுகிறது. ஐந்தடி இடைவெளியில் பதின்மூன்று பாய்களைப் போட எண்ணி, ஒவ்வொரு பாயையும் இருபதடி அகலத்துக்கு நெய்துவிட்டால் என்ன ஆகும்? ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல், நடுவே சிறிது இடமும் விட்டு விரிக்கக்கூடியவை மூன்றே பாய்கள். அவைதாம் 1, 6, 11 என்ற மூன்று சேனல்கள். மற்றவற்றில் எதைத் தேர்ந்தாலும் அக்கம்பக்கத்தாரின் பாயை மிதித்தே ஆக வேண்டும்.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். பாதிக் குழப்பம் இதை அறியாமையால் வருவது. ரௌட்டர் சுபாவத்தில் மரியாதை உள்ள கருவி. வாயைத் திறப்பதற்குமுன் அது காது கொடுத்துக் கேட்கும். தன் சேனலில் வேறொன்று பேசிக்கொண்டிருந்தால் ஒதுங்கி நிற்கும். பேச்சு முடிந்ததும் ஒரு கணநேரம் பொறுத்து, அந்தப் பொறுமையின் அளவையும் சீட்டுக் குலுக்கிப்போட்டாற்போல் தீர்மானித்துக்கொண்டு, பிறகே தான் பேசும். ஆகவே ஒரே சேனலில் நான்கு வீடுகள் இருந்தால் நால்வரும் மாறி மாறிப் பேசுவார்கள். வேகம் குறையும், ஆனால் காரியம் நடக்கும். ஆறாம் சேனலில் கூட்டமாக இருக்கிறதே என்று ஒருவர் நான்காம் சேனலுக்கு நகர்ந்துவிட்டாரானால், நிலைமை கெட்டுப்போகிறது. இப்போது அவருடைய பேச்சு ஆறாம் சேனல்காரர்களின் காதில் சொல்லாக விழுவதில்லை. வெறும் இரைச்சலாக விழுகிறது. சொல்லாகப் புரிந்தால் மெல்லிய குரலுக்கும் ஒதுங்கி நிற்கும் ரௌட்டர், இரைச்சல் என்றால் அதைவிட நூறு மடங்கு வலிமையாக இருந்தாலொழிய ஒதுங்க வேண்டியதில்லை என்பது வைஃபையின் விதி. இருவரும் ஒரே சமயத்தில் பேசி, இருவர் பேச்சும் கெட்டு, இருவரும் சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருப்பார்கள். கூட்டமான சேனலில் வரிசையில் நிற்பதைவிட, இரண்டு சேனல்களின் நடுவே காலை நீட்டிப் படுப்பது தமக்கும் பிறர்க்கும் தீங்கு.

பேசுவதற்கு எதுவும் இல்லாதபோதும் ரௌட்டர் சும்மா இருப்பதில்லை. "நான் இருக்கிறேன்" என்று தன் பெயரைச் சொல்லி, ஒரு விநாடிக்குச் சுமார் 10 தடவை அறிவித்துக்கொண்டேயிருக்கும். எல்லோருக்கும் புரிய வேண்டும் என்பதற்காக அந்த அறிவிப்பை மிக மெதுவான நடையில் சொல்லும். முப்பது பெட்டிகள் ஒன்றுக்கொன்று கேட்கும் தூரத்தில் இருந்தால், எவரும் எந்தக் காரியமும் தொடங்குமுன்பே விநாடிக்கு 300 அறிவிப்புகள் காற்றை நிரப்பிவிடுகின்றன. விருந்தினருக்கென்று இன்னொரு பெயர், அச்சு இயந்திரத்துக்கென்று வேறொரு பெயர் என்று ஒரு வீட்டிலேயே மூன்று நான்கு பெயர்களை வைத்துக்கொள்வோர், இந்தச் செலவைத் தம்மை அறியாமலே ஊரார் தலையில் ஏற்றுகிறார்கள்.

இந்த நெருக்கடியில் ஒவ்வொருவர்க்கும் முதலில் தோன்றும் யுக்தி குரலை உயர்த்துவதுதான். அதிக வலிமையுள்ள ரௌட்டர், அதிக ஆண்டெனா, சிக்னலைப் பெருக்கும் ரிப்பீட்டர் என்று கடைக்காரர் காட்டுவதையெல்லாம் வாங்குகிறோம். ரௌட்டரின் குரலை உயர்த்தலாம். அதற்குப் பதில் சொல்ல வேண்டிய கைபேசியின் குரலை யார் உயர்த்துவது? சிறிய மின்கலத்தை வைத்துக்கொண்டு மெல்லிய குரலில் பேசும் அந்தக் கருவியின் பதில், நடுவில் உள்ள சுவர்களையும் பக்கத்து வீட்டாரின் கூச்சலையும் தாண்டி ரௌட்டருக்கு எட்டாது. திரையில் சிக்னல் கோடுகள் நிறைந்திருக்க, காரியம் மட்டும் நடக்காத மாயம் பல வீடுகளில் இப்படித்தான் நிகழ்கிறது. சாதாரண ரிப்பீட்டரோ, கேட்ட ஒவ்வொரு சொல்லையும் அதே சேனலில் இன்னொரு தடவை சொல்வதால், நெருக்கடியை இரட்டிப்பாக்குகிறது.

பணத்துக்கும் அறிவுக்கும் குறைவில்லாத இடத்திலும் இது நேர்ந்திருக்கிறது. 2010 ஜூன் மாதத்தில் சான்பிரான்சிஸ்கோ நகரில் ஐபோன் 4 என்ற புதிய கைபேசியை உலகத்துக்கு அறிமுகப்படுத்த மேடை ஏறிய ஸ்டீவ் ஜாப்ஸ், ஒரு பத்திரிகையின் பக்கத்தைத் திறந்துகாட்ட முயன்றபோது, பக்கம் வரவே இல்லை. வந்திருந்தவர்களில் பலர் தத்தம் சொந்த வைஃபை நிலையங்களைக் கையோடு கொண்டுவந்திருந்தார்கள். அந்த ஒரு மண்டபத்தில் 570 நிலையங்கள் இயங்குவதாக அவர் சபையோரிடம் சொல்லி, அவற்றை அணைத்துவிடுமாறு கேட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று. உலகத்தின் சிறந்த பொறியாளர்கள் செய்த கருவி, சபையில் இருந்தவர்களின் சம்மதம் இல்லாமல் பேச முடியவில்லை.

வானொலியின் பால்ய காலத்திலும் இதே கதை நடந்தது. 1926-இல் அமெரிக்க நீதிமன்றம் ஒன்று, எந்த நிலையம் எந்த அலைவரிசையில் பேச வேண்டும் என்று கட்டாயப்படுத்த வர்த்தக மந்திரிக்கு அதிகாரம் இல்லை என்று தீர்ப்பளித்தது. அப்போது அந்தப் பதவியில் இருந்தவர் பின்னாளில் ஜனாதிபதியான ஹெர்பர்ட் ஹூவர். தீர்ப்பு வந்ததும் நிலையங்கள் விரும்பிய அலைவரிசைக்குத் தாவின. ஒன்றை ஒன்று மிஞ்ச வலிமையைக் கூட்டின. கேட்பவர்களுக்கு எஞ்சியது கூச்சல். மறு ஆண்டே அமெரிக்க நாடாளுமன்றம் வானொலிச் சட்டத்தை இயற்றி, அனுமதி இல்லாமல் யாரும் ஒலிபரப்பக் கூடாது என்று விதித்தது. குரலை உயர்த்தும் போட்டியில் ஜயித்தவர் எவரும் இல்லை. எல்லோருமாகச் சேர்ந்து தம் சுதந்திரத்தை இழந்ததுதான் கண்ட பலன்.

ஒழுங்குக்கு எவ்வளவு சக்தி உண்டு என்பதைக் கணித சாஸ்திரமும் நிரூபித்திருக்கிறது. ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆப்ரம்சன் என்ற பேராசிரியரும் அவருடைய சகாக்களும், தீவுகளுக்கு இடையே கணினிகள் வானொலி அலையால் பேசிக்கொள்ளும் அலோஹா என்ற அமைப்பை 1971-இல் இயக்கத் தொடங்கினார்கள். யார் எப்போது வேண்டுமானாலும் பேசலாம், மோதினால் பிறகு திரும்பச் சொல்லலாம் என்பதே அதன் ஏற்பாடு. அப்படிப்பட்ட சபையில் மொத்த நேரத்தில் அதிகபட்சம் 18 சதவீதம்தான் பயன்படும் என்று கணக்குக் காட்டியது. பிற்பாடு ஒரே ஒரு விதி சேர்த்தார்கள்: பேச விரும்புபவர் நினைத்த கணத்தில் தொடங்காமல், குறித்த கணங்களில் மட்டுமே தொடங்க வேண்டும். அந்த ஒரு விதியால் 18 சதவீதம் 37 சதவீதத்தை எட்டக்கூடும் என்றாயிற்று. புதிய அலைவரிசை சேர்க்கவில்லை, வலிமை கூட்டவில்லை, முறை ஒன்றை ஏற்றுக்கொண்டதால் மட்டுமே பயன் இரட்டித்தது.

சேனல் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு வாய்க்கால் என்றும் ஒரு பொருள் உண்டு. அந்தப் பொருளை எண்ணும்போது, நமக்கு இந்தப் பிரச்சினை புதியதல்ல என்பது விளங்குகிறது. தமிழ்நாட்டு ஏரிப் பாசனக் கிராமங்களில் நீர்க்கட்டி என்றும் நீர்ப்பாய்ச்சி என்றும் ஊருக்கு ஊர் பெயர் மாறும் ஒருவர் இருப்பார். ஏரியில் தண்ணீர் குறைந்த நாட்களில், எந்த வயலுக்கு எத்தனை நேரம் என்று முறை வைத்து மடையைத் திறந்து அடைப்பது அவருடைய பொறுப்பு. அவர் சர்க்கார் உத்தியோகஸ்தர் அல்லர். ஊராரே நியமித்து, விளைச்சலில் ஒரு பங்கை நெல்லாக அளந்து கொடுத்தார்கள். மேல்மடைக்காரனுக்கு வசதி இருக்கிறது என்பதற்காக அவன் இஷ்டப்படி பாய்ச்சிக்கொண்டால் கடைமடைக்காரன் பயிர் காயும் என்பதை அந்த ஏற்பாடு அறிந்திருந்தது. பொதுச் சொத்தை உபயோகிப்பவர்களே கூடி விதி வகுத்துக் காப்பாற்ற முடியும் என்பதை உலகத்தின் பல பாகங்களில் உள்ள பாசன சமூகங்களை ஆராய்ந்து எடுத்துக்காட்டிய எலினோர் ஆஸ்ட்ரம் அம்மையாருக்கு 2009-இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. நம் கிராமத்து விவசாயி அந்த உண்மையை வெகுகாலமாக நடத்திக் காட்டி வந்தார்.

ஏரிக்கரையில் செய்ததை ஏன் மாடிக் கட்டடத்தில் செய்யக் கூடாது? நம் நலச் சங்கங்கள் தண்ணீர்த் தொட்டியையும் மின்தூக்கியையும் மாடிப்படியையும் பொதுவென்று மதித்துப் பராமரிக்கின்றன. கட்டடத்துக்குள் இருக்கும் காற்றையும் அந்தப் பட்டியலில் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஒரு தளத்தில் வரிசையாக 1, 6, 11 என்று வீடுகளுக்குச் சேனல் வகுத்தால், அதற்கு மேல் தளத்தில் 6, 11, 1 என்றும், அதற்கும் மேலே 11, 1, 6 என்றும் மாற்றிப்போட வேண்டும். பக்கத்து வீட்டோடும் மாடி வீட்டோடும் மோதாத முறை வந்துவிடும். ரௌட்டரின் அமைப்புப் பக்கத்தில் அகலம் 20 மெகாஹெர்ட்ஸ் என்றே இருக்கட்டும். அதை 40 ஆக்கிக்கொள்பவர், இருக்கும் மூன்று வாய்க்கால்களில் இரண்டைத் தம் வயலுக்குத் திருப்பிக்கொள்கிறார் என்று பொருள். வலிமையைத் தம் வீட்டுச் சுவருக்குள் போதுமான அளவுக்குக் குறைத்துக்கொள்ள வேண்டும். கேபிள் நுழையும் வாசற்படி ஓரத்திலும் இரும்பு பீரோவின் பின்னாலும் ரௌட்டரை ஒளித்துவைக்காமல், வீட்டின் நடுவில் சற்று உயரத்தில் வைத்தால், குறைந்த குரலே எல்லா அறைகளுக்கும் எட்டும்.

இதைவிடச் சிறந்த உபகாரம், காற்றை விட்டு விலகக்கூடியவற்றை விலக்கிவிடுவது. இடம் பெயராமல் சுவரில் தொங்கும் தொலைக்காட்சிப் பெட்டிக்கும் மேஜைமேல் இருக்கும் கணினிக்கும் வைஃபை எதற்கு? ஒரு லேன் கேபிளை இழுத்துவிட்டால் அவற்றின் வேகமும் நிலைக்கும், காற்றும் மிச்சப்படும். புதிதாக வீடு கட்டுவோர் மின்சாரத்துக்குக் குழாய் பதிப்பதுபோல் ஒவ்வோர் அறைக்கும் இதற்கும் ஒரு குழாய் பதித்துவிட்டால், பின்னால் வருபவர்களின் சிரமம் தீரும். நம் கையோடு நகரும் கருவிகளில் புதியவற்றை 5 கிகாஹெர்ட்ஸ் பகுதிக்கு மாற்ற வேண்டும். 2018-இல் இந்திய அரசு அந்தப் பகுதியில் 605 மெகாஹெர்ட்ஸை உரிமமின்றித் திறந்துவிட்டது. பழைய பகுதியைப்போல் அது ஏழு மடங்கு. அந்த அலைகள் சுவரை எளிதில் ஊடுருவுவதில்லை என்று சிலர் குறை சொல்கிறார்கள். அடுக்குமாடியில் அது குறை அல்ல, குணம். நம் பேச்சு நம் சுவருக்குள்ளேயே நின்றுவிடுவது அண்டை வீட்டாருக்குச் செய்யும் மரியாதை அல்லவா?

சேனலை ரௌட்டரே தேர்ந்துகொள்ளுமே, மனிதர்கள் எதற்குக் கூடிப் பேச வேண்டும் என்று கேட்பார்கள். தானே தேர்ந்துகொள்ளும் வசதி பெரும்பாலானவற்றில் உண்டு என்பது மெய்தான். ஆனால் அது தான் இருக்கும் இடத்தில் தன் காதுக்குக் கேட்பதை வைத்தே முடிவு செய்கிறது. கடைசி அறையில் இருக்கும் கைபேசியின் காதில் எந்த வீட்டுக் கூச்சல் விழுகிறது என்பது அதற்குத் தெரியாது. ஒன்று இடம் மாறினால் அதைக் கண்டு இன்னொன்று மாறும். பொது நன்மையை நினைக்க அவற்றில் யாரும் இல்லை. இணைப்புக் கொடுக்கும் நிறுவனங்களும் பெட்டியை வாசலில் மாட்டி விளக்கு எரிவதைக் காட்டிவிட்டுப் போவதோடு தம் கடமை முடிந்ததென்று எண்ணலாகாது. சேனலையும் வலிமையையும் அந்த இடத்துக்கு ஏற்பச் சரிசெய்து கொடுப்பதும், செய்ததை வீட்டாருக்கு விளக்கிச் சொல்வதும் அந்த வேலையைச் சேர்ந்தவையே.

அரசாங்கம் இன்னும் இடம் திறந்துவிட்டால் போதாதா என்பது அடுத்த கேள்வி. 6 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் அமெரிக்கா 2020-இல் 1200 மெகாஹெர்ட்ஸைத் திறந்தது. 5925 முதல் 6425 வரையுள்ள 500 மெகாஹெர்ட்ஸைக் கட்டடத்துக்குள் உரிமமின்றி உபயோகிக்க அனுமதிக்கும் வரைவு விதிகளை நம் தொலைத்தொடர்புத் துறை 2025 மே மாதத்தில் வெளியிட்டது. இதை நான் மனமார வரவேற்கிறேன். ஆயினும் புதிய வயலுக்குப் போகப் புதிய கருவி வேண்டும். அதை வாங்க வசதி உள்ளவர்கள் போய்விடுவார்கள். விலை குறைந்த கைபேசிகளில் பல 2.4 கிகாஹெர்ட்ஸ் ஒன்றையே அறிந்தவை. பழைய கைபேசியில் பாடம் படிக்கும் வேலைக்காரப் பெண்ணின் மகனும், வீட்டுவசதி வாரியக் குடியிருப்பில் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளில் வாழ்பவர்களும் இந்தப் பழைய வாய்க்காலின் கடைமடையிலேதான் இருப்பார்கள். புதிய இடம் வந்துவிட்டது என்பதற்காகப் பழைய இடத்தைக் குப்பைமேடாக விட்டுவிடுவது நியாயமாகாது. மேலும், முறை தெரியாதவர்கள் எத்தனை புதிய இடத்துக்குப் போனாலும், அதையும் சில ஆண்டுகளில் சந்தைக்கடையாக்கிவிடுவார்கள்.

முறை என்ற நம்முடைய ஒரே சொல்லுக்குள் வரிசை என்ற பொருளும் நீதி என்ற பொருளும் உறவு என்ற பொருளும் அடங்கியிருக்கின்றன. வரிசையில் நிற்பவன் நியாயத்தைக் காக்கிறான். நியாயத்தைக் காப்பவனுக்கு அண்டை வீட்டான் உறவாகிறான். எங்கள் கட்டடத்தில் இப்போது மூன்று தளத்தார் இந்த ஏற்பாட்டுக்கு இசைந்திருக்கிறார்கள். பேத்தியின் பாடம் முன்போல் அடிக்கடி நிற்பதில்லை. மற்றத் தளத்தாரோடும் பேசிக்கொண்டிருக்கிறோம். இதைப் படிக்கும் அன்பர்களை நான் வேண்டிக்கொள்வது ஒன்றுதான். உங்கள் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில், தண்ணீர் லாரிக் கணக்கும் மின்தூக்கிப் பழுதும் பேசி முடிந்த பிறகு, இந்த விஷயத்துக்கும் அரைமணி நேரம் ஒதுக்குங்கள். யார் வீட்டில் எந்தச் சேனல் என்று ஒரு தாளில் எழுதி, அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். அதற்கு ஒரு ரூபாயும் செலவில்லை.